சாவிக்கொத்தும் சாக்பீஸும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு கொஞ்சம் நீளமாவே எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ராயகிரில எனக்கு ரெண்டு பட்டப்பேர். பழைய ஆளுங்களுக்கு நான் ‘ஜெயில்காரர்’. இப்ப உள்ள பசங்களுக்கு ‘ஜெயில் வாத்தியார்’. (ராயகிரி எங்க இருக்குன்னு கேட்கிற சென்னை நண்பர்களுக்கு: குற்றாலச் சாரலுக்குப் போறப்போ ராஜபாளையம் தாண்டினதும் சிவகிரி வரும்ல, அதுக்குப் பக்கத்து ஊரு. முன்னாடி திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பர்ல இருந்து தென்காசி மாவட்டம்.)

வார்டரா வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தி நாலு வருஷம், நாலு ஊர் ஜெயில். வேலையில இருக்கும்போதே தபால்ல குற்றவியல் எம்.ஏ. முடிச்சேன். அப்புறம் விருப்ப ஓய்வு. இப்ப வாரத்துல ரெண்டு நாள் ஒரு கல்லூரில குற்றவியல் பசங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். நிரந்தர வேலை எல்லாம் இல்லீங்க, மணிக்கணக்குல சம்பளம்.

இதைக் கேட்டா ரெண்டு பக்கமும் ஒரே கேள்விதான் வருது. ஊர்ல, “ஜெயில்ல இருந்தவன் காலேஜ்ல என்னத்தவே சொல்லிக் குடுப்பான், களி கிண்டவா?” கல்லூரிப் பக்கம் அதையே கொஞ்சம் நாகரிகமா, “சார் நெட் முடிச்சிருக்கீங்களா? பிஹெச்.டி. ஏதாவது?”

ரெண்டுமே நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குற்றவியல் சொல்லிக் கொடுக்கிற ஒவ்வொரு இடத்துலயும் ஜெயிலுக்குள்ள வேலை பார்த்த ஒருத்தராவது பாடம் எடுக்கணும். அதுவும் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி மட்டும் போதாது, பிளாக் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு நடந்த ஆளும் வேணும். ஆனா அந்த ஆள் வெறும் கதையை மட்டும் தூக்கிட்டு வரக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் பேசறதே இல்லை, அதனாலதான் எழுதறேன்.

புத்தகத்துல என்ன இருக்கு, என்ன இல்லை

குற்றவியல் பாடத்துல பெக்காரியா வருவார், லாம்ப்ரோசோ வருவார், சதர்லேண்ட் வருவார். தண்டனைக் கோட்பாடுகள் வரும். சிறைச் சீர்திருத்தம்னு ஒரு பாடம், அதுல முல்லா கமிட்டி (1980-83). எல்லாம் படிக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லலை. வருஷத்துக்கு ஒரு தடவை பசங்களை ஜெயிலுக்குச் சுற்றிப் பார்க்கவும் கூட்டிட்டுப் போவாங்க. அன்னைக்கு நூலகம் பளிச்சுன்னு இருக்கும், தறிக்கூடம் ஓடும், பேக்கரி பன்னு வாசம் தூக்கும். பசங்க நோட்டுல குறிச்சுக்குவாங்க. அதுவும் பொய் இல்லை, உண்மையாவே அதெல்லாம் இருக்கு.

ஆனா ஜெயிலுங்கிறது சாயங்காலம் லாக்கப் அடிச்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்கிற விஷயம். ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு பக்கத்து செல்லுல இருந்து கத்துவாங்க. சாவி எங்க இருக்கும், யார் அனுமதி இல்லாம திறக்க முடியாது, நடிக்கிறாரா நிஜமான்னு கம்பிக்கு வெளிய நின்னு எப்படி முடிவு எடுக்கிறது, இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு? அந்த முடிவு எடுக்கிறது சூப்பிரண்டு இல்லீங்க. அங்க நிக்கிறது ஒரு இரண்டாம் நிலைக் காவலர். அவர் போலீஸ், ஜெயில், தீயணைப்பு மூணுக்கும் சேர்த்து நடக்கிற ஒரே தேர்வை எழுதி, பெரும்பாலும் போலீஸ் கிடைக்காம ஜெயிலுக்கு வந்தவர்.

வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. மூணு உதாரணம் தர்றேன். மூணும் எல்லாருக்கும் தெரிஞ்ச, பதிவான விஷயங்கள்.

ஒண்ணு: வாசல்ல இருக்கிற நோட்டு

2020 ஜூன் மாசம் சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பா மகன் ரெண்டு பேர். போலீஸ் ஸ்டேஷன்ல அடி. அரசு மருத்துவமனையில காட்டினாங்க, ‘போகலாம்’னு சான்றிதழ் வந்துச்சு. நீதித்துறை நடுவர்கிட்ட காட்டினாங்க, ரிமாண்ட் ஆச்சு. அப்புறம் கோவில்பட்டி கிளைச் சிறை. ஜூன் 22 ராத்திரி மகன் போனார், 23 காலையில அப்பா போனார். நாடே பேசிச்சு.

போலீஸைப் பற்றி எல்லாரும் பேசினாங்க, பேசணும். நான் வகுப்புல இன்னொண்ணையும் பேசுவேன். ரெண்டு பேர் உடம்புலயும் காயம் இருந்தது கிளைச் சிறையோட சேர்க்கைப் பதிவேட்டுல எழுதப்பட்டிருந்துச்சுன்னு அப்ப செய்தி வந்துச்சு. அட்மிஷன் எழுதறது ஜெயிலோட முதல் வேலை. உடம்புல என்ன காயம், எங்க, எப்படி வந்துச்சுன்னு அந்த ஆளே என்ன சொல்றார், எல்லாம் எழுதணும். அது வெறும் எழுத்து வேலை இல்லை. சட்டம் கடைசியா ஒரு தடவை அந்த ஆளோட உடம்பைப் பார்க்கிற இடம் அதுதான்.

இதைப் பாடமா எடுத்தா எப்படி எடுக்கிறது? ‘மனித உரிமைகளும் காவல் மரணங்களும்’னு தலைப்புப் போட்டு, டி.கே. பாசு வழக்கு 1997, பதினோரு வழிமுறைன்னு எழுதிப் போட்டா பசங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க. நான் வேற மாதிரி செய்வேன். ஒரு வெத்து அட்மிஷன் படிவத்தைக் கொடுத்து, “இப்ப ராத்திரி எட்டு மணி, வழிக்காவல் போலீஸ் வாசல்ல நிக்கறாங்க, ‘சீக்கிரம் முடிங்க அண்ணே, நாங்க திரும்பிப் போகணும்’ங்கறாங்க. வந்தவர் நிற்க முடியாம சுவரைப் பிடிச்சிருக்கார். கேட்டா ‘கீழ விழுந்துட்டேன்’ங்கறார். கையில மருத்துவச் சான்றிதழ் இருக்கு. நீங்க என்ன எழுதுவீங்க?”

வகுப்பு அமைதியாயிடும். எழுதிப் பார்த்தாதான் தெரியும், அந்த ஒரு வரி எழுத எவ்வளவு தைரியம் வேணும்னு. எழுதறதோட முடியறதும் இல்லை, எழுதினதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பற அளவுக்கு நிற்கணும். இந்தப் பாடத்தை, வாசல்ல நின்ன ஒருத்தர்தான் எடுக்க முடியும்.

ரெண்டு: பாளையங்கோட்டை

கைதிகளை வகைப்படுத்தறதுன்னு ஒரு பாடம் இருக்கு. வயசு, குற்றம், தண்டனைக் காலம், முதல் தடவையா பழைய ஆளா, இப்படிப் பிரிக்கணும்னு இருக்கும். அழகான அட்டவணை. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்த அட்டவணையில இல்லாத இன்னொரு கட்டமும் தெரியும். சாதி.

பாளையங்கோட்டை மத்திய சிறையில சாதிவாரியா பிளாக் பிரிச்சு வைக்கிறாங்கன்னு மதுரைக் கிளையில வழக்கே நடந்துச்சு. சாதி மோதல் வராம இருக்கத்தான் அப்படிங்கிற அரசுத் தரப்பு வாதத்தை அன்னைக்கு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. அப்புறம் சுகன்யா சாந்தாங்கிற பத்திரிகையாளர் போட்ட வழக்குல, 2024 அக்டோபர் 3 அன்னைக்கு உச்ச நீதிமன்றம், சிறை விதிகள்ல இருக்கிற சாதிப் பாகுபாடு எல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு. அந்தத் தீர்ப்புல நம்ம பாளையங்கோட்டை விவகாரமும் வருது. ஒழுங்கைக் காப்பாத்த வேண்டியது சிறை நிர்வாகத்தோட பொறுப்பு, அதுக்காக சாதி பார்த்துப் பிரிக்கிற அளவுக்குப் போகக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் பழைய நிலைப்பாட்டை ஏத்துக்க மறுத்துடுச்சு. கைதிப் பதிவேடுகள்ல சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொல்லிச்சு.

தீர்ப்பு சரி. நூத்துக்கு நூறு சரி. ஆனா 2021 ஏப்ரல்ல அதே பாளையங்கோட்டை சிறைக்குள்ள ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால கொலை செய்யப்பட்டார், அதுவும் நடந்த உண்மை. அதைச் சொல்லித்தான் பல வார்டர்கள் இன்னைக்கும், “பிரிச்சு வைக்காட்டி உயிர் போகும், கோர்ட்டுக்கு என்ன தெரியும்?”னு கேட்பாங்க. அந்தக் கேள்வியை இளக்காரமாத் தள்ளவும் கூடாது, அதோட நின்னுடவும் கூடாது. பிரிக்காம எப்படிக் காப்பாத்தறது? புதுசா வர்றவருக்கும் உள்ள இருக்கிறவருக்கும் வெளிய என்ன பகைன்னு விசாரிக்கிறது, யாரை எந்த பிளாக்குக்கு மாத்தறோம்னு எழுத்துல காரணம் வைக்கிறது, சாப்பாட்டு வரிசை, குளிக்கிற தொட்டி, டிவி முன்னாடி, மனு பார்க்கிற இடம் (ஊர்ல இருந்து சொந்தக்காரங்க பார்க்க வர்றதுக்கு ஜெயில் பாஷையில மனு) இங்கெல்லாம் கண்ணு வைக்கிறது. பகையைப் பார்த்துப் பிரிக்கிறது வேற, சாதியைப் பார்த்துப் பிரிக்கிறது வேற. முதல்ல உள்ளதுக்கு உழைப்பு வேணும். ரெண்டாவது சோம்பேறித்தனம், அதோட சட்ட விரோதம்.

இதைத் தீர்ப்பு மட்டும் படிச்ச பேராசிரியர் சொன்னா வருங்கால ஜெயிலர் நம்ப மாட்டார். ஜெயில் மட்டும் பார்த்த வார்டர் சொன்னா தப்பான பாடம் போயிடும். ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும்.

மூணு: நாள் எண்ணற வேலை

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 சிறைப் புள்ளிவிவரப்படி நாடு முழுக்க 5,73,220 பேர் ஜெயில்ல. இடம் இருக்கிறது 4,36,266 பேருக்கு. உள்ள இருக்கிறவங்கள்ல 4,34,302 பேர், அதாவது 75.8 சதவீதம், விசாரணைக் கைதிங்க. நாலுல மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரலை.

இந்த எண்ணைப் பசங்க பரீட்சையில எழுதிடுவாங்க. ஆனா ஒருத்தர் ஏன் வெளிய போகாம இருக்கார்? பிளாக்ல நின்னு பார்த்தா காரணம் ரொம்பச் சின்னதா இருக்கும். வாய்தா அன்னைக்கு வழிக்காவலுக்கு ஆள் வரலை. ஜாமீன் கிடைச்சிருச்சு, ஆனா கையெழுத்துப் போட ரெண்டு ஜாமீன்தாரர் கிடைக்கலை. ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு ஜாமீன் கிடைச்ச விஷயமே தெரியலை.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31ல ஒரு வழிமுறை போட்டுச்சு. ஜாமீன் கிடைச்சு ஏழு நாளைக்குள்ள ஒருத்தர் வெளிய போகலைன்னா சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்லணும். 2024 ஜூலை 1ல நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 479வது பிரிவு: முதல் தடவை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாவே கழிச்சுட்டா ஜாமீன்ல விடணும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரைக்கும் போகிற குற்றங்களுக்கு இது கிடையாது, வேற வழக்குகள் நிலுவையில இருந்தாலும் கிடையாது. ஆனா தகுதி உள்ளவங்களுக்கு, கோர்ட்டுக்கு மனுப் போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கு.

பார்த்தீங்களா, சட்டம் இப்ப வேலையை ஜெயில் கையில கொடுத்திருக்கு. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நாளை எண்ணணும். எண்ணலைன்னா ஒருத்தரோட மாசங்கள் போகும். அந்த எண்ணிக்கை எங்க தப்பும், ரெண்டு வழக்கு உள்ளவருக்கு எப்படிக் குழம்பும், ரிமாண்ட் நீட்டிப்பு வாரண்டை எப்படிப் படிக்கிறது, இதைச் சொல்லிக் கொடுக்க ஜெயில் ஆபீஸ் மேஜையில உட்கார்ந்த ஆளை விட்டா யாரு?

இது ஒண்ணும் புதுசு இல்லை

குற்றவியல் படிச்ச எல்லாருக்கும் ‘பிரிசனைசேஷன்’ங்கிற சொல் தெரியும். உள்ள வந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமா ஜெயில் பழக்கவழக்கத்துல ஊறிப் போறது. அந்தச் சொல்லைக் கொடுத்தவர் டொனால்ட் கிளெம்மர். 1940ல ‘த பிரிசன் கம்யூனிட்டி’ புத்தகம் எழுதினவர். அவர் வெளியில இருந்து எட்டிப் பார்த்தவர் இல்லை, இல்லினாய்ஸ்ல மெனார்ட் சிறையில சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

கெல்சி காஃப்மேன்னு ஒரு அம்மா. 1970கள்ல அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துப் பெண்கள் சிறையில காவலர். அப்புறம் ஆராய்ச்சி பண்ணி, சிறைக் காவலர்களோட உலகத்தைப் பற்றி 1988ல புத்தகம் எழுதினாங்க, கல்லூரியில பாடம் எடுத்தாங்க. அதோட நிற்கலை. 2012ல இண்டியானா பெண்கள் சிறையில கல்லூரி வகுப்புத் தொடங்கி, உள்ள இருந்த பெண்களையே அந்தச் சிறையோட பழைய வரலாற்றை ஆராய வச்சாங்க. அந்தப் பெண்கள் தோண்டி எடுத்தது, அதுவரைக்கும் சொல்லிட்டு வந்த பெருமைக் கதைக்கு நேர் மாறா இருந்துச்சு. சாவி வச்சிருந்த ஒருத்தர் வாத்தியாரா மாறினா எவ்வளவு தூரம் போகலாம்ங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒருத்தர் இருக்கார், ஜான் இர்வின். ஆயுதக் கொள்ளை வழக்குல கலிஃபோர்னியா சோலெடாட் சிறையில அஞ்சு வருஷம் கைதி. வெளிய வந்து படிச்சு, சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்துல சமூகவியல் பேராசிரியர். 1970ல ‘த ஃபெலன்’ எழுதினார். காவலர் பார்த்த ஜெயிலும் கைதி பார்த்த ஜெயிலும் ஒரே கட்டடம்தான், ஆனா ஒரே ஜெயில் இல்லை. ரெண்டு பேரையும் வகுப்புல கேட்கணும்.

நம்ம ஊர்ல? வேலூர்ல 1979ல ஆரம்பிச்ச சிறை அதிகாரிகள் பயிற்சி நிலையம் இருக்கு, தென் மாநிலங்கள் சேர்ந்து நடத்தறது. ஆனா அது துறைக்குள்ள உள்ளவங்களுக்கு. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல குற்றவியல் துறை இருக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்துல இருக்கு. நிறைய தனியார் கல்லூரியும் இந்தப் படிப்பை நடத்துது. வேலூருக்கும் இந்த வகுப்பறைகளுக்கும் நடுவுல ஒரு பாலம் போடணும்ங்கிறதுதான் என் ஆசை.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம்

முதல் எதிர்வாதம்: அனுபவஸ்தன் வந்தா கதை அளப்பான். உண்மைதான்! ஜெயில் கதை சுவாரசியமானது, பசங்க வாயைப் பிளந்து கேட்பாங்க, மணி அடிச்சிடும், நோட்டுல ஒண்ணும் இருக்காது. ஒரு பிளாக்ல நான் பார்த்தது இந்தியாவுக்கே பொருந்தும்னு சொல்லவும் முடியாது. அதனால நான் ஒரு விதி வச்சிருக்கேன். ஒரு சம்பவம் சொன்னா அதுக்குப் பக்கத்துல ஒரு எண், ஒரு சட்டப் பிரிவு, ஒரு தீர்ப்பு இருக்கணும். சம்பவமும் எண்ணும் ஒத்துப் போகலைன்னா அன்னைக்குத்தான் வகுப்பு சூடு பிடிக்கும். ஏன் ஒத்துப் போகலைன்னு பசங்களையே தேடச் சொல்லிடுவேன்.

ரெண்டாவது எதிர்வாதம் கனமானது: ஜெயில்காரன் ஜெயில் புத்தியைக் கொண்டு வருவான். கைதின்னா இளக்காரம், அதிகாரின்னா சல்யூட். ஒரு நிகழ்ச்சி சொல்றேன். ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி ஒரு கல்லூரில சிறப்புரைக்கு வந்தார். நல்லாத்தான் பேசினார். முடிச்சதும் ரெண்டாவது வருஷப் பொண்ணு ஒண்ணு எழுந்து, “சார், ஒரு மணி நேரமா கைதிகளை ‘அவன்’ ‘இவன்’னு சொன்னீங்க, சூப்பிரண்டை ‘அவர்’னு சொன்னீங்க. விசாரணைக் கைதிக்கு இன்னும் தீர்ப்பே வரலையே சார்”னு கேட்டுச்சு. மனுஷன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, “நல்ல கேள்விம்மா”ன்னார், பதில் சொல்லலை.

தமிழ்ல ‘ன்’னுக்கும் ‘ர்’ருக்கும் நடுவுலதான் மொத்த சீர்திருத்தமும் இருக்குன்னு எனக்கு அன்னைக்குத் தோணுச்சு. துறைக்குப் பேர் ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’. பலகையில எழுதறது சுலபம், நாக்குல வர்றதுதான் கஷ்டம்.

அதனாலதான், வர்ற ஆள் தன் துறைக்கு வக்கீலா வரக்கூடாதுங்கறேன். சுனில் பத்ரா வழக்கை (1979) நான் கட்டாயம் நடத்துவேன். திகார்ல ஒரு தலைமை வார்டர் ஒரு கைதியை, சொந்தக்காரங்ககிட்ட காசு பிடுங்கறதுக்காகச் சித்திரவதை பண்ணினார்னு இன்னொரு கைதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதின கடுதாசி, அதையே மனுவா எடுத்துக்கிட்டாங்க. தீர்ப்பு எழுதின வி.ஆர். கிருஷ்ணய்யர் 1948ல தானே ஒரு மாசம் ஜெயில்ல இருந்தவர், 1957ல கேரளா மந்திரியா சிறைத்துறையையும் பார்த்தவர். வார்டர் மேல உள்ள புகாரை ஒரு முன்னாள் வார்டர் நின்னு நடத்தணும். அதைச் செய்ய முடியாதவர் வகுப்புக்கு வரவே வேண்டாம்.

மூணாவது எதிர்வாதம் எனக்கே உறுத்தறது: நெட் முடிச்சு, பிஹெச்.டி. முடிச்சு, கௌரவ விரிவுரையாளரா வருஷக்கணக்கா காத்திருக்கிற பிள்ளைங்க எத்தனை பேர்? பென்ஷன் வாங்கற ஆளை அந்த நாற்காலில உட்கார வைக்கலாமா? கூடாது. அவங்க இடத்தைப் பிடிக்கிற எந்த ஏற்பாட்டுக்கும் நான் கை தூக்க மாட்டேன்.

ஆனா அதுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2022ல ‘பிராஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. குறைஞ்சது பதினைஞ்சு வருஷ அனுபவம் வேணும், பட்டம் கட்டாயம் இல்லை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்ல பத்து சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அதுவும் அந்தப் பணியிடங்களுக்கு வெளியில. மொத்தமா மூணு வருஷம், விசேஷ காரணம் இருந்தா இன்னும் ஒரு வருஷம். யார் வேலையையும் பிடுங்காம செய்யலாம்.

இதுல ஒரு முள்ளு இருக்கு. அனுபவம் உயர் பொறுப்புல இருந்தா நல்லதுன்னு அதுல ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வச்சே கதவு ஐ.ஜி., டி.ஐ.ஜி.க்கு மட்டும் திறக்கும். பெரிய அதிகாரிக்குத் தெரிஞ்சது பெரிய அதிகாரிக்கு. பட்ஜெட், கொள்கை, நீதிமன்றத்துக்குப் பதில் மனு, எல்லாம் அவர்தான் சொல்லணும். ஆனா அவர் ரவுண்ட்ஸ் வரும்போது ஜெயில் வேற மாதிரி இருக்கும்ங்கிறது அவருக்கே தெரியும் :-)

நான் கேட்கிறது இவ்வளவுதான்

ஒண்ணு, அனுபவப் பேராசிரியர்னு எடுக்கும்போது பதவியைப் பார்க்காம, என்ன வேலை பார்த்தார்னு பாருங்க. தலைமைக் காவலரும் தகுதியானவர்தான். சிறை நல அலுவலரும், ஜெயில் ஆஸ்பத்திரி நர்ஸும்கூட.

ரெண்டு, தனியா விடாதீங்க. ஆராய்ச்சி தெரிஞ்ச ஒரு இளம் ஆசிரியரோட ஜோடி போட்டு ஒரே பாடத்தை நடத்த விடுங்க. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேள்வி கேட்கட்டும். ரெண்டு பேருக்கும் லாபம்.

மூணு, வேலையில இருக்கிற வார்டர் படிக்கணும்னு வந்தா துறை கொஞ்சம் வழி விடணும். ராத்திரி டூட்டி முடிச்சுட்டு பரீட்சை எழுதப் போன ஆளுங்களை எனக்குத் தெரியும். நாளைக்கு வாத்தியாரா வரப் போறவங்க அவங்கதான்.

நாலு, உள்ள இருந்துட்டு வெளிய வந்தவங்களையும், அவங்க விருப்பப்பட்டா, மரியாதையோட கூப்பிடுங்க. காட்சிப் பொருளா இல்லை, பாடம் சொல்ற ஆளா. அவங்களுக்கும் மணிக்கணக்குச் சம்பளம் கொடுங்க.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, நம்ம பக்கம் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடின்னு எந்த ஊருக்கு வேணும்னாலும் போங்க. சீருடைப் பணியாளர் தேர்வுக்குக் காலையில கிரவுண்டுல ஓடற பிள்ளைங்களைப் பார்க்கலாம். அதுல சிலர் வார்டர் ஆவாங்க. அதே ஊர்லதான், பாளையங்கோட்டைக்கு மனு பார்க்க விடியக்காலை பஸ்ஸுக்கு நிக்கிற அம்மாக்களும் இருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு யார் பாடம் எடுத்தாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் அந்த அம்மாவோட மகனுக்கு ராத்திரி ஒரு மணிக்குக் கதவு திறக்குமா இல்லையாங்கிறது.

உங்க கருத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. கல்லூரில பாடம் எடுக்கிற நண்பர்கள் யாராவது இருந்தா கட்டாயம் சண்டைக்கு வாங்க, காத்திருக்கேன்.

டிஸ்கி: களி கிண்டறது பற்றி தனிப் பதிவு வேணும்னு ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டாச்சு. கேழ்வரகு விலை இறங்கட்டும், பார்ப்போம்.